மனைவி அளித்த புகார் தொடர்பாக

ஆணையர் அலுவலகம்
பிப்ரவரி 11

பெறுநர்: மனுதாரர்

பொருள்: பணியாளர் – வட்டார அலுவலக மனுப் பிரிவு எழுத்தர் – ஞாபகக் குறைவால் பணித்திறன் குறைந்தது – மனைவி அளித்த புகார் – தொடர்பாக.

அம்மையீர்,

பொருளில் கண்டுள்ள தங்களது மனு இவ்வலுவலகத்தில் பெறப்பட்டது. மனுவில் தெரிவிக்கப்பட்டுள்ள விவரங்கள் குறித்து விசாரித்து அறிக்கை அனுப்பும் பொருட்டு, மனுவின் அசல் மாவட்ட அலுவலருக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது. இனி இது தொடர்பாகத் தாங்கள் மாவட்ட அலுவலரையே அணுகுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.

(கையொப்பம்)
ஆணையர்


பிப்ரவரி 16

ஆணையர் அவர்களுக்கு,

அம்மையீர் எழுதிக்கொள்வது. உங்கள் கடிதம் கிடைத்தது. மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தேன். எங்காவது 'அக்கா' என்று ஒரு வார்த்தை விழுந்திருக்கிறதா என்று தேடி இன்னொரு தடவை படித்தேன். இல்லை. கீழே இருந்த கையெழுத்து மட்டும் உன்னுடையது. பள்ளிக்கூட நாளில் என் நோட்டின் பின்னட்டையில் போட்டுப் போட்டுப் பழகினாயே, அதே வளைவு. அதை வைத்துத்தான் இது என் தம்பி அனுப்பியது என்று தெரிந்துகொண்டேன்.

நான் உனக்கு மனு எழுதவில்லையடா. கடிதம் எழுதினேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். எங்கள் வீட்டுப் போன் அவர் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. உன் வீட்டு விலாசம் என்னிடம் இல்லை. பதவி உயர்ந்து புது வீட்டுக்குப் போனபோது நீயும் தரவில்லை, நானும் வீம்புக்குக் கேட்கவில்லை. அதனால் ஆபீசுக்கு எழுதினேன். உள்ளே 'அன்புள்ள தம்பிக்கு' என்று பார்த்தால் பிரித்தவர்கள் உன் கையில் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று நினைத்தேன். நான்தான் முட்டாள்.

அதில் என்ன எழுதியிருந்தேன் என்றாவது உனக்குத் தெரியுமா? படித்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டாய், அந்த அளவுக்கு உன்னைத் தெரியும். உன் அத்தானுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டு வருகிறது. பதில் போட்ட கடிதத்துக்கே மறுபடி பதில் எழுதுகிறார். ஒருநாள் ஆபீசிலிருந்து வீட்டுக்கு வரும் வழி தெரியாமல், எப்போதோ நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். வீட்டுக்கு அவர் எடுத்து வரும் வரைவுகளை, அவர் குளிக்கப் போகும் நேரத்தில் நான் எடுத்துத் திருத்தி வைக்கிறேன். பிள்ளைகள் நோட்டைத் திருத்தித் தேய்ந்த கை, இதற்காவது உதவுகிறது. அவருக்கு இது தெரியாது. ஆபீசிலும் யாருக்கும் தெரியாது. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. அதற்குள் மானத்தோடு வெளியே வர ஏதாவது வழி உண்டா என்று காதும் காதும் வைத்தாற்போல உன்னிடம் கேட்கத்தான் எழுதினேன்.

நீ அதை மாவட்ட ஆபீசுக்கு அனுப்பிவிட்டாய். மாவட்ட ஆபீஸ் அதை எங்கே அனுப்பும்? எங்கள் ஊர் ஆபீசுக்கு. எங்கள் ஊர் ஆபீசில் வருகிற மனுக்களைப் பார்க்கிற எழுத்தர் யார்? உன் அத்தான்.

இன்னும் வந்து சேரவில்லை என்று நினைக்கிறேன். நேற்று சாயந்திரம் சிரித்துக்கொண்டுதான் வந்தார். அது வழியில் எங்காவது இருக்கும். எப்படியாவது நிறுத்து. என் புருஷன் மேல் நானே புகார் கொடுத்தேன் என்று அவர் மேசையில் ஒரு காகிதம் வந்து விழுந்தால், அப்புறம் நான் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இந்த முறை என் கைக்கே வந்தது. உறையின் மேல் 'ஆணையர் மட்டும் பிரிக்கவும், வேறு யார் பிரித்தாலும் விளங்க மாட்டார்கள்' என்று எழுதியிருந்தாய். என் உதவியாளர் அதைத் தட்டில் வைத்து, பாம்பைக் கொண்டு வருவது போலக் கொண்டுவந்தார்.

மிகுந்த வருத்தம் ஏற்பட்டுள்ளது. இந்த வரியை அடிக்காமல் விடுகிறேன், பார்த்துக்கொள். வருத்தப்படுகிறேன் என்று எழுத உட்கார்ந்தால் கை இப்படித்தான் போகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். சப்பைக்கட்டு என்று நினைக்காதே, சப்பைக்கட்டாகவே இருந்தாலும் படி. எங்களுக்கு வரும் மனுக்களில் பாதிக்கு மேல் 'என் கூடப்பிறந்த தம்பிக்கு', 'எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு' என்றுதான் தொடங்கும். யாரென்றே தெரியாத பெரியவர்கள் என்னை மகனே என்று எழுதுவார்கள். அதைப் பார்த்து மயங்கிப் பிரிவு ஊழியர்கள் சிலருக்குச் சலுகை காட்டுகிறார்கள் என்று நான் இங்கே வந்ததும் ஒரு சுற்றறிக்கை விட்டேன். 'மனுக்களில் காணப்படும் உறவுமுறைச் சொற்களைப் பொருட்படுத்தாமல் சாரத்தை மட்டும் எடுத்து, தாமதமின்றி உரிய அலுவலருக்கு அனுப்பவும்.' என் வாசகம்தான். நன்றாக எழுதியிருக்கிறேன் என்று அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. உன் கடிதத்தில் இருந்த தம்பியை நீக்கிவிட்டுச் சாரத்தை எடுத்திருக்கிறார்கள். என் முன்னால் வைத்த கட்டில் அது எத்தனையாவதோ. நான் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் பார்த்துப் போட்டேன்.

உன் கடிதம் கிடைத்ததுமே மாவட்ட அலுவலரைப் போனில் பிடித்தேன். அதற்குள் கீழே அனுப்பிவிட்டாராம். தாமதம் கூடாது என்று நான்தான் சொல்லி வைத்திருக்கிறேனே. "அந்த மனு தவறுதலா அனுப்பப்பட்டிருக்கு, திருப்பி வாங்குங்க" என்றேன். "என்ன தவறுங்க ஐயா?" என்று கேட்டார். அது என் அக்கா எழுதிய கடிதம் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் வண்டி எடுத்துக்கொண்டு தானே ஓடிப்போய் வாங்கி வந்திருப்பார். நான் "விலாசத்துல ஒரு சின்னக் குழப்பம்" என்றேன். "அப்ப அவசரம் இல்லீங்களே?" என்றார். இல்லை என்றேன்.

இதை உனக்கு எழுதவே வெட்கம் பிடுங்கித் தின்கிறது. அத்தான் எனக்கு வைத்த பேர் உனக்கு ஞாபகம் இருக்கும். ரூல்தடி. உன் வீட்டு முன்னறையில் பாய் போட்டுத் தேர்வுக்குப் படித்த நாளில் வைத்தது. அந்தத் தடி வளையாது என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு போனில் வளைந்துவிட்டது, அதுவும் வளையக்கூடாத பக்கம்.

நீ எழுதியதை நான் இன்னும் படிக்கவில்லை. நகல்கூட இங்கே இல்லை. முடிந்தால் அதையே மறுபடி ஒருமுறை எழுதி அனுப்பு. என் வீட்டு விலாசத்தைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

வந்துவிட்டது.

பக்கத்துத் தெருவில் இருக்கும், அவர் ஆபீஸ் தட்டச்சுக்காரப் பெண் என்னைக் கடைத்தெருவில் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு போனாள். பின்னாலேயே போய்ப் பிடித்துக் கேட்டேன். முதலில் மழுப்பினாள். அப்புறம் சொல்லிவிட்டாள். தபால் பையைப் பிரித்தவர்கள் பொருளை மட்டும் பார்த்து, மனு என்றதும் வழக்கம்போல உன் அத்தான் மேசையில் வைத்துவிட்டார்களாம். யார், என்ன என்று கவனித்து மேலாளர் ஓடி வருவதற்குள் அவர் படித்துக்கொண்டிருந்தாராம். "சார், அத இப்படிக் குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று மேலாளர் கேட்டிருக்கிறார். "மனு எங்கிட்டதானே வரணும்? நானே விசாரிச்சு எழுதிடறேன்" என்றாராம் இவர்.

இது நடந்து நாள் ஆகிறது. அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வருகிறார், செருப்பை ஓரமாக விடுகிறார், டீ கேட்கிறார். இன்றைக்கு வெயில் அதிகம் என்கிறார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு அவர் முதுகையே பார்க்கிறேன். அவர் திரும்பினால் ஏதாவது பாத்திரத்தைத் தேய்க்கிறேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தால் வேறென்ன நினைப்பார்? வீட்டில் ஞாபகம் போனது எனக்கா அவருக்கா என்று தெரியவில்லை.

வரைவுகளை இப்போது வீட்டுக்கு எடுத்து வருவதில்லை. பை காலியாகத்தான் வருகிறது.

அந்தக் கடிதத்தை மறுபடி எழுதச் சொல்கிறாய். மாட்டேன். அதை எழுத எனக்கு எத்தனை காகிதம் வீணாயிற்று என்று உனக்குத் தெரியாது. ஒரு மனுஷி தன் புருஷனைப் பற்றி அப்படி ஒருதடவைதான் எழுத முடியும். உன் ஆபீஸ் அதைச் சாறு பிழிந்து சக்கையை ஊருக்கு அனுப்பிவிட்டது. வேண்டுமானால் உன் கோப்பில் போய்ப் படித்துக்கொள்.

உனக்கும் எனக்கும் ஏன் பேச்சு நின்றது என்று உனக்கு மறந்திருக்காது. இருந்தாலும் சொல்கிறேன். அவரைத் தூரத்து ஊருக்கு மாற்றினபோது, அவருக்குத் தெரியாமல் உன் ஆபீசுக்கு வந்தேன். பார்வையாளர் கூடத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தபோது உன் அறையில் நாலு பேர் இருந்தார்கள். "முறையா ஒரு மனுவா எழுதிக் குடுங்க" என்றாய். அந்த மாற்றத்தை நீ ரத்து செய்யாததுகூட எனக்கு வலிக்கவில்லை, அது உன் வேலை. 'குடுங்க' என்றாயே, எனக்கு, அதுதான். அன்று அக்காவாக வந்தவளை மனுவாக வா என்றாய். இன்று கடிதமே எழுதினேன், நீயே மனுவாக்கிவிட்டாய்.

அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

அன்றைக்கு நாலு பேர் இல்லை, ஐந்து பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் நான் நேர்மையானவனாகத் தெரிய வேண்டியிருந்தது. நீ போன பிறகு ஒருவர் "இப்படி ஒரு அதிகாரியப் பாத்ததில்லீங்க" என்று சொன்னார். அந்தப் பாராட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் என் மனைவியிடமும் சொன்னேன். அவள் "அக்கா சாப்பிட்டுட்டுப் போனாங்களா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

இன்று எழுதுவது வேறு விஷயம். வட்டார அலுவலகத்திலிருந்து அறிக்கை வந்திருக்கிறது. அத்தான் தன் கையாலேயே எழுதியிருக்கிறார். மேலாளர் அதன் மேல் தன் குறிப்பு ஏதும் எழுதாமல், வெறும் கையெழுத்தோடு அனுப்பிவிட்டார். மாவட்ட அலுவலரும் அப்படியே. யாருக்கும் கை வரவில்லை போலிருக்கிறது. அதை வரி மாறாமல் உனக்கு எழுதுகிறேன்.

'பார்வையில் கண்ட மனு தொடர்பாக விசாரணை செய்யப்பட்டது. மனுவில் குறிப்பிடப்பட்டுள்ள பணியாளர் நேரில் விசாரிக்கப்பட்டார். கோப்புகளை வைத்த இடம் மறந்துபோவதையும், ஒரே கடிதத்துக்கு இருமுறை பதில் எழுதியதையும், ஒருமுறை வீட்டுக்குச் செல்லும் வழி தவறியதையும் அவர் ஒப்புக்கொள்கிறார். சில மாதங்களாகத் தமது வரைவுகளை மனைவி திருத்தி வைப்பது தமக்குத் தெரியும் என்றும், தெரியும் என்று தெரிந்தால் மனைவி வருந்துவார் என்பதால் தெரியாதவர்போல் இருந்துவந்ததாகவும் அவர் தெரிவித்தார். மனுதாரர் கூறியவை யாவும் உண்மையென அறியப்படுகிறது. மனுதாரர் மீது குறை ஏதும் இல்லை. மேற்படி பணியாளர் தொடர்ந்து இவ்விருக்கையில் இருப்பது பொதுமக்களின் மனுக்களுக்கு நல்லதல்ல. மனுவின் அசல் கோப்பில் காணப்படவில்லை.'

என் உதவியாளர் இதைப் படித்துவிட்டுத்தான் என் முன் வைத்தார். "ஐயா, விசாரிச்சவரும் இவரே, விசாரிக்கப்பட்டவரும் இவரேங்களா?" என்று கேட்டார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அக்கா, நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். 'அசல் மனு இல்லாததால் மேல் நடவடிக்கை தேவையில்லை, கோப்பு முடிக்கப்படுகிறது' என்று எழுதி இதை அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறேன். அறிக்கையையும் யாரும் பார்க்காதபடி செய்துவிடலாம். அத்தானை மனு இல்லாத வேறொரு இருக்கைக்கு மாற்றச் சொல்கிறேன். ஓய்வு பெறும்வரை அங்கே சும்மா உட்கார்ந்திருக்கட்டும். என் பணிக்காலத்தில் சொந்தக்காரர்களுக்கு நான் எதுவும் செய்ததில்லை. இதையாவது செய்ய விடு. நீ சரி என்று ஒரு வரி எழுதினால் போதும்.

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

அந்த அறிக்கையை நீ தொட்டாயானால் நான் உனக்கு அக்காவே இல்லை.

ஆத்திரத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. ஆத்திரம் நேற்றோடு போயிற்று. நீ எழுதி அனுப்பினதைப் படித்து அழுதேன், அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி படித்தேன். அதில் திருத்த ஒன்றுமே இல்லை, தம்பி. இத்தனை மாதமாக அவர் எழுதுகிற வரைவுகளைப் பார்க்கிறேன், ஒரு வாக்கியம் தொடங்கினால் முடியாது, முடிந்தால் தொடங்கினது வேறாக இருக்கும். இது தொடங்கிய இடத்தில் தொடங்கி முடிய வேண்டிய இடத்தில் முடிந்திருக்கிறது. எத்தனை தடவை அடித்து எழுதினாரோ. வீட்டுக்கு எடுத்து வராமல் அங்கேயே உட்கார்ந்து எழுதியிருக்கிறார். நான் கை வைக்காமல் அவர் தானாக முடித்த கடைசிக் கோப்பு அதுதான். அதைப் பூட்டி வைக்கப் போகிறாயா? சும்மா உட்கார வைக்கப் போகிறாயா? அவர் என்ன சொல்கிறார், இந்த இருக்கையில் நான் இருப்பது ஜனங்களுக்கு நல்லதல்ல என்கிறார். நீ, பரவாயில்லை இரு என்கிறாய். இது சலுகை இல்லையடா, அவமானம்.

எனக்கு என் மேலேயே வெட்கமாக இருக்கிறது. அவர் குளிக்கப் போனதும் பையைத் திறப்பேனே, அப்போதெல்லாம் அவர் வேண்டுமென்றே தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டு உள்ளே நின்றிருக்கிறார். நான் முடிக்கட்டும் என்று. இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் எனக்குப் புரிகிறது. குளித்துவிட்டு வரும்முன் ஒரு தடவை செருமுவார். நான் அதைச் சளி என்று நினைத்து மருந்து வாங்கிக் கொடுத்தேன்.

நீ செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது, அறிக்கை ஏற்கப்படுகிறது என்று எழுது. உடல்நிலை காரணமாக ஓய்வு கொடுக்க முறை இருக்கிறது என்று தட்டச்சுக்காரப் பெண் சொல்கிறாள், டாக்டர்கள் குழுவுக்கு அனுப்பு. இரண்டாவது, உன் கோப்பில் நான் இன்னும் புகார்தாரராகவே இருக்கிறேன். அது என்றைக்கும் அப்படியே இருக்கும், நாளைக்கு யாரோ எடுத்துப் பார்த்தால் 'பெண்டாட்டியே புகார் கொடுத்திருக்கிறாள்' என்பார்கள். அதைத் திருத்து. நான் யார் என்று எழுது. எப்படி வந்தது என்றும் எழுது.

உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். இருக்கட்டும்.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதிவிட்டேன். எழுதியதை அப்படியே தருகிறேன். ஆள் வைத்து எழுதவில்லை, நானே எழுதினேன்.

'இது மனு அல்ல. என் அக்கா எனக்கு எழுதிய கடிதம். நான் படிக்காமல் கையெழுத்திட்டதால் இது புகார் ஆயிற்று. இக்கோப்பில் மனுதாரர், புகார்தாரர் என்று வரும் இடங்களில் எல்லாம் என் அக்கா என்று திருத்தி வாசிக்கவும். தவறு தெரிந்த பின்னும் அதைச் சொல்ல வெட்கப்பட்டுத் தாமதம் செய்ததும் நானே. எழுத்தரின் அறிக்கை முழுமையாக ஏற்கப்படுகிறது. மருத்துவக் குழுவின் கருத்தைப் பெற்று உரிய ஓய்வு அளிக்கவும். உறவுமுறைச் சொற்கள் பற்றிய சுற்றறிக்கை ரத்து செய்யப்படுகிறது.'

பிரிவுக் கண்காணிப்பாளர் கோப்பை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். இருபது வருஷமாகக் கோப்பு பார்க்கிறவர். "ஐயா, 'என் அக்கா'ங்கறத 'ஆணையரின் சகோதரி'ன்னு மாத்திடலாமா? கொஞ்சம் மரியாதையா இருக்கும்" என்றார். வேண்டாம் என்றேன். "'வெட்கப்பட்டு'ங்கற வார்த்தையாவது..." என்று இழுத்தார். அதுவும் இருக்கட்டும் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமலே போனார்.

இப்போது மாடிப்படியில் நான் வந்தால் பேச்சு நிற்கிறது. என் மேலதிகாரி கூப்பிட்டு "கோப்புல போய் இதெல்லாம் எழுதுவாங்களா? குடும்ப விஷயத்தக் குடும்பத்தோட வெச்சுக்க வேண்டாமா?" என்றார். அடுத்த பதவிக்கு என் பெயர் பேசப்பட்டு வந்தது, இனி பேச மாட்டார்கள் என்று தோன்றுகிறது. அதற்காக நான் வருந்தவில்லை என்று எழுத ஆசை. வருந்துகிறேன். கொஞ்சம் வருந்துகிறேன், அக்கா. அதுவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆணையைப் பார்த்து அத்தான் என்ன சொன்னார்?

தம்பி


மே 3

தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாயிற்று. டாக்டர்கள் குழு, பரிசோதனை, கையெழுத்து என்று அலைச்சல். எல்லாம் முடிந்தது. மே மாதக் கடைசி வேலை நாளோடு அவருக்கு ஓய்வு. ஓய்வூதியம் முழுதாக வரும்.

நீ கேட்டதற்குப் பதில். ஆணை வந்த அன்று அவர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். காகிதத்தை மடிமேல் வைத்து நீவினார். "என் ரிப்போர்ட்ட அப்படியே ஏத்துக்கிட்டாங்க. ஒரு வார்த்தை மாத்தல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் "ஏன் மாத்தணும்? நல்லாத்தானே எழுதியிருந்தீங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், நான் அதைப் படித்தது அவருக்குத் தெரிந்துபோயிற்றே என்று நாக்கைக் கடித்தேன். அவர் சிரித்தார். அன்றிலிருந்து நான் பாத்திரத்தைத் தேய்ப்பது குறைந்திருக்கிறது.

கடைசி நாளில் ஆபீசில் சின்னதாக ஒரு வழியனுப்பு வைத்திருக்கிறார்கள். நீ வர வேண்டும். அதிகாரியாக வராதே. வந்தால் முன்வரிசையில் போட்டு உட்கார வைத்து, அவரை விட்டுவிட்டு உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அக்கா


ஜூன் 2

தம்பிக்கு,

வந்தும் வராமல் போனாயே, இது என்ன பழக்கம்?

எதிர்ச்சாரிக் கடைத் தாழ்வாரத்தின் கீழே வெள்ளைக் கார் நிற்பதை நான் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டேன். உள்ளே பேச்சு நடக்க நடக்க, என் கண் காரிலேயே இருந்தது. இப்போது இறங்குவாய், இப்போது இறங்குவாய் என்று. டிரைவர் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தபோது "ஐயா ஏன் எறங்கல?" என்று கேட்டேன். "தெரியலீங்கம்மா, கதவுமேல கை வெச்சாரு, எடுத்துட்டாரு" என்றார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த உன் அத்தான், யாரோ அவரைப் பாராட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வெளியே போய்விட்டார். வழி தவறப் போகிறார் என்று நான் பின்னாலேயே எழுந்தேன். அவர் நேராக உன் காருக்குப் போய்க் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். பேசுகிறவர் பாவம், காலி நாற்காலியைப் பாராட்டிக்கொண்டிருந்தார்.

ரொம்ப நேரம் ஆயிற்று. திரும்பி வந்ததும் "என்ன பேசினீங்க?" என்று கேட்டேன். "ஆபீஸ் விஷயம்" என்றார். வீட்டுக்கு வந்து கேட்டேன், அதற்கும் ஆபீஸ் விஷயம்தான். ஓய்வு பெற்ற மனிதருக்கும் காரை விட்டு இறங்காத மனிதருக்கும் அப்படி என்ன ஆபீஸ் விஷயம்? நீ சொல்.

அக்கா


ஜூன் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ஏன் இறங்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஆபீசில் இருக்கும் ஒவ்வொருவரும் கோப்பில் நான் எழுதியதைப் படித்திருப்பார்கள். எழுதும்போது இருந்த தைரியம் அவர்கள் முன்னால் போய் நிற்க இல்லை. அதைவிட, அத்தான் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. டிரைவர் சொன்னது உண்மைதான், கதவில் கை வைத்தேன், எடுத்தேன்.

அவர் வந்து உட்கார்ந்ததும் "என்ன மாப்ளே, ஏசி நல்லா இருக்கா?" என்றார். நான் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "மன்னிச்சுடுங்க அத்தான், அக்கா எழுதினத நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றேன். "தெரியும். படிச்சிருந்தா உங்க கையெழுத்து கொஞ்சம் கோணியிருக்கும்" என்றார். "இப்பவாவது படிச்சீங்களா?" என்று கேட்டார். எப்படிப் படிப்பேன், அசல்தான் கோப்பில் இல்லையே என்றேன். அவர் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். "நான்தான் எடுத்தேன். சர்வீஸ்லயே நான் எடுத்த ஒரே காகிதம். வேணும்னா ஆக்‌ஷன் எடுங்க" என்றார்.

பைக்குள் விரலை விட்டுத் தேடினார். காணோம். அன்றைக்குப் புதுச் சட்டையாம், பழைய சட்டையில் இருக்கிறதாம். "பரவால்ல, சொல்றேன் கேளுங்க" என்று ஆரம்பித்தார்.

அக்கா, அவருக்கு உன் கடிதம் மனப்பாடம். என் டிரைவர் பெயரை அதற்குள் இரண்டு தடவை கேட்டுவிட்டார், இரண்டு தடவையும் மறந்துவிட்டார். உன் கடிதத்தை 'அன்புள்ள தம்பிக்கு' என்பதிலிருந்து தொடங்கி, நீ நிறுத்தியிருக்கும் இடத்தில் நிறுத்தி, சொன்னார். சில இடத்தில் ஒரு வரியை விட்டுவிட்டுப் போய், விட்டதை உணர்ந்து திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார். 'அவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் என் முன்னால் கூனிக் குறுகிப் போவார். ஆபீசுக்குப் போகும்போது தெருமுனையில் நின்று திரும்பிப் பார்ப்பாரே, அதுகூட இல்லாமல் போய்விடும்' என்ற இடத்தை மூன்று தடவை சொன்னார், அது மறதியால் இல்லை. "நான் திரும்பிப் பாக்கறத அவ கவனிக்கறான்னே எனக்குத் தெரியாது மாப்ளே. இத அவ எங்கிட்டச் சொல்லவே மாட்டா. நீங்க தப்பா அனுப்பினதுனால எனக்கு வந்துச்சு" என்றார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார், உனக்குக் கூச்சமாக இருக்குமாம். சரி என்று சொல்லிவிட்டு இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. முடியும் தறுவாயில், 'தம்பி, உன்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்' என்று வரும் இடத்தில் நிறுத்தினார். என் பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ எனக்குத் தெரியாது. "இங்க உங்களப் பத்தி ஒரு வரி வரும் மாப்ளே. அது மட்டும் மறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு, என் கையை ஒருதடவை அழுத்திவிட்டு இறங்கிப் போனார்.

அவர் மறக்கவில்லை, அக்கா.

அந்த வரி எனக்கு வேண்டும். அதை மட்டும் எழுதி அனுப்பு.

தம்பி